பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவாரா?

உங்கள் தகவலைப் பெயர் நீக்கித்தான் பகிர்கிறோம் என்று பல செயலிகள் உறுதி சொல்கின்றன. பெயரும் போன் நம்பரும் இல்லாத தகவலை வைத்துக்கொண்டு யார் என்ன செய்துவிட முடியும் என்று நாமும் 'சரி'யை அழுத்திவிடுகிறோம்.

நிறையவே செய்யலாம். 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டன. பெயர், முகவரியெல்லாம் நீக்கியாயிற்று. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மட்டும் அப்படியே இருந்தன. அப்போது அம்மாநிலத்தின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, அங்குள்ள கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். அதிலும் இதே மூன்று விவரங்கள், கூடவே பெயர். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டு அந்த ஊர்க்காரர். அவர் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் பட்டியலில் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். அந்த மூவரில் அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் அவர் ஒருவரே. பெயரில்லாப் பதிவுகளில் ஆளுநருடையது எது என்று தெரிந்துவிட்டது. பூட்டு எதையும் உடைக்கவில்லை, இரண்டு பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் சுமார் 19,000 பின்கோடுகள். 145 கோடி மக்களைப் பிரித்தால் ஒரு பின்கோடுக்குச் சராசரியாக 75,000 பேர். 80 ஆண்டுகள், ஆண்டுக்கு 365 நாள், ஆண் பெண் என இரண்டு: பெருக்கினால் 58,400 வகைகள். ஆக, ஒரு வகைக்கு ஒன்றிரண்டு பேர்தான். நகரங்களில் நாலைந்து பேர் இருக்கலாம். அவர்களைப் பிரிக்கப் போன் மாடல் ஒன்றே போதும். பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட ஜூன் தேதியோடு வாழ்கிறவர்கள்தான் கூட்டத்தில் கொஞ்சம் ஒளிந்துகொள்ள முடியும்!

இருப்பிடத் தகவல் இன்னும் மோசம். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் டவர் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். எந்த நேரத்தில் எந்த டவருக்கு அருகே இருந்தார் என்று நாலே நாலு புள்ளிகள் தெரிந்தால், 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்துவிட முடிந்தது. இரவில் வீடு, பகலில் அலுவலகம்: இந்த ஜோடியே பெரும்பாலும் ஆளுக்கு ஆள் வேறு.

'எனக்கு மறைக்க ஒன்றுமில்லை' என்பவர்கள் தகவல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். பிறந்த தேதி ரகசியமா என்றால் இல்லைதான். ஆனால் அது இன்னொரு பட்டியலில் உள்ள நோயோடோ கடனோடோ ஒட்டிக்கொள்ளும்போதுதான் வம்பு.

தற்காப்பாக, வேண்டுமென்றே கொஞ்சம் பொய் கலக்கும் முறை ஒன்று உண்டு. 'உங்களுக்கு இந்த நோய் உண்டா?' என்று கேட்கும்போது நாணயத்தைச் சுண்டச் சொல்வார்கள். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலைக்கு 'ஆம்', பூவுக்கு 'இல்லை' எனச் சொல்ல வேண்டும். 1,000 பேரில் 300 பேர் 'ஆம்' என்றால், அதில் சுமார் 250 நாணயம் சொன்னது. மீதி 50, உண்மை சொன்ன 500 பேரிடமிருந்து வந்தது. நோய் 10 சதவீதம் பேருக்கு என்று தெரிந்துவிடும், யாருக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதே தத்துவத்தின் வளர்ந்த வடிவத்தைத்தான் அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பயன்படுத்தியது.

ஆனால் ஒரே ஆளிடம் ஒரே கேள்வியைத் தினமும் கேட்டால் பொய்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, உண்மை மேலே வந்துவிடும். போனின் இருப்பிடப் பதிவு 'எங்கே இருக்கிறீர்கள்?' என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் அப்படித்தான்.