மலை அல்ட்ரா ஓட்டத்துக்குப் போய் இறங்கியாயிற்று, அடுத்த நான்கு நாட்கள்?

மலை அல்ட்ரா மாரத்தானுக்காக, அதாவது வழக்கமான 42 கிலோமீட்டர் மாரத்தானைவிட நீளமான மலையோட்டத்துக்காக, வெளிநாடு போகிறவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். விளையாட்டு மருத்துவராக நான் அவர்களிடம் பார்க்கும் சிக்கல்கள் பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகின்றன. விமானத்தை விட்டு இறங்கியதற்கும் ஓட்டம் தொடங்குவதற்கும் நடுவே உள்ள சில நாட்களில், பதற்றத்தில் எதையாவது செய்துகொண்டே இருப்பதால் வருபவை அவை.

முதலாவது, பாதையை ஓடிப் பார்க்கும் ஆசை. பிரான்ஸின் ஷாமோனியில் தொடங்கி, இத்தாலி, ஸ்விட்சர்லாந்து வழியாக மோன் பிளாங்க் மலையைச் சுற்றி வரும் யுடிஎம்பி ஓட்டம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர், இறக்கமும் அதே அளவு. இறக்கத்தில் ஓடும்போது தொடைத் தசை பாரத்தைத் தாங்கியபடியே நீள்கிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது அங்கேதான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வலி மெல்ல ஏறி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். செவ்வாய்க்கிழமை ஆசையாக ஒரு நீண்ட இறக்கத்தை ஓடிப் பார்த்தவர், வெள்ளிக்கிழமை தொடக்கக் கோட்டில் ஏற்கெனவே அடிபட்ட தொடைகளோடு நிற்பார். பாதையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் மேலே நடந்து ஏறுங்கள், கேபிள் காரில் இறங்குங்கள். மற்றபடி சமதளத்தில் அரை மணி நேர மென்னோட்டம் போதும்.

அடுத்தது உயரம். ஷாமோனி நகரம் சுமார் 1,035 மீட்டரில் இருக்கிறது, அங்கே தங்குவதால் தொல்லை இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் கதை வேறு. ஹார்ட்ராக் ஓட்டம் தொடங்கும் சில்வர்ட்டன் ஏறக்குறைய 2,840 மீட்டர், இன்னொரு மலையோட்டம் தொடங்கும் லெட்வில் சுமார் 3,100 மீட்டர். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். அவ்வளவு உயரத்துக்கு நேராகப் போய் இறங்கினால், சில மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், சோர்வு தொடங்கலாம். முதல் இரண்டு இரவுகள் தூக்கம் அறுந்து அறுந்து வரும். முடிந்தால் இரண்டு வாரம் முன்னதாகப் போங்கள். முடியாதவர்கள் வழியில் 1,500 முதல் 2,000 மீட்டர் உயரமுள்ள ஊரில் ஓரிரு இரவு தங்கிவிட்டு மேலே போவது நல்லது. தலைவலியோடு நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இனி மருந்துப் பை. பயணத்துக்கு முன் ஆலோசனைக்கு வருபவர்களிடம் அதையும் கொண்டுவரச் சொல்வேன். மேசையில் கொட்டினால், கத்தரிக்கோலால் துண்டாக நறுக்கிய மாத்திரை அட்டைகள் விழும். பெயர் அச்சிட்ட பகுதி வீட்டிலேயே இருக்கும், கையில் இருப்பது வெறும் நான்கு வெள்ளை மாத்திரை. "இது எதுக்கு?" என்று கேட்டால், "வயித்துக்குன்னு நினைக்கிறேன் டாக்டர்" என்று பதில் வரும்.

அந்த 'வயித்துக்கு' மாத்திரை பல நேரம் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஆஃப்ளாக்சசினாக இருக்கும். இந்த வகை ஆன்டிபயாட்டிக்குகள் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களைப் பாதிக்கக்கூடியவை, குறிப்பாகக் குதிகால் நாணை. அது அறுந்துபோகும் ஆபத்து பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-லேயே கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. புது ஊர்ச் சாப்பாட்டில் இரண்டு முறை வயிறு போனதற்கு இதை விழுங்கிவிட்டு, மூன்றாம் நாள் மலையேறி ஓடுவது எந்த வகையிலும் சரியில்லை. லேசான வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் போதும். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அங்குள்ள மருத்துவரைப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால் வேறு வகை இருக்கிறதா என்று கேளுங்கள், ஓடப் போவதையும் சொல்லுங்கள்.

சளி மாத்திரைகளையும் கவனிக்க வேண்டும். பலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறது. போட்டி நேரத்தில் சிறுநீரில் அது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஊக்கமருந்துக் குற்றம். ஜப்பானுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகளை அங்கே எடுத்துப் போகவே கூடாது. உயர நோய்க்காகத் தரப்படும் அசிட்டசோலமைடு சிறுநீரைப் பெருக்கும் மருந்து என்பதால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் எப்போதும் இருக்கிறது. பரிசோதனை நடக்கும் ஓட்டமென்றால் முன்னதாகவே சிகிச்சை விலக்கு, அதாவது சிகிச்சைக்காக அந்த மருந்தை எடுத்துக்கொள்ளும் அனுமதி, வாங்க வேண்டும். நண்பர் கொடுத்தார் என்று போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை இது. எல்லா மருந்தையும் அதன் அசல் அட்டையிலேயே, மருந்துச் சீட்டோடு கொண்டுபோங்கள்.

நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு இரண்டு கணுக்காலும் லேசாக வீங்குவது சகஜம், ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரே கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம். மசாஜ் வேண்டவே வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுங்கள்.

தூக்கத்துக்கு வருவோம். உடம்பின் கடிகாரம் புது நேரத்துக்குப் பழக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதைக் கணக்கிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். ஓட்டத்துக்கு முந்தைய இரவு பெரும்பாலானவர்களுக்குச் சரியாகத் தூக்கம் வராது. அதனால் அதற்கு முந்தைய மூன்று நான்கு இரவுகள்தான் முக்கியம்.

பெட்டி வராமல் போகலாம் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள். ஓடும் காலணி, மழை ஜாக்கெட், தலைவிளக்கு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பது விமான விதி. ஓட்டத்தின்போது சக்திக்காகச் சாப்பிடும் ஜெல்களைத் திரவமாகக் கணக்கிடுவதால் அவற்றைப் பெட்டியில் போடுங்கள். கட்டாய உபகரணப் பட்டியலை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் திடீரென்று ஆலங்கட்டியும் உறைமழையும் கடுங்காற்றும் வந்து, 21 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் அனுபவம் மிகுந்த ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். போய் இறங்கியதும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒருமுறை மழையில் நடந்து பாருங்கள். குளிர்ந்து விறைத்த விரல்களால் அதன் ஜிப்பை இழுக்க முடிகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

கடைசியாகக் காய்ச்சல். பயணத்தில் தொற்றிய வைரஸ் காய்ச்சலோடும் உடம்பு வலியோடும் "இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டேன், ஒரு பாராசிட்டமால் போட்டு ஓடிவிடட்டுமா?" என்று நள்ளிரவில் எனக்கு வாட்ஸ்அப் வரும். கூடாது. சில வைரஸ்கள் இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும், அந்த நிலையில் கடுமையாக ஓடுவது உயிருக்கே ஆபத்து. மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், இதயத்தில் நடப்பதை நிறுத்தாது. அமைப்பாளர்களிடம் சொல்லி விலகிவிடுங்கள். காய்ச்சல் போன பிறகும் நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால், ஈசிஜி எடுக்காமல் மறுபடி ஓட ஆரம்பிக்காதீர்கள்.