கண் நன்றாகத்தான் இருக்கிறது, இரவுதான் கெட்டுப்போயிருக்கிறது

"டாக்டர், ராத்திரி போன் பார்க்கிறதால கண்ணு கெட்டுப்போயிடுமா?"

பரிசோதனை முடிந்து கிளம்பும்போது கதவருகே நின்று கேட்கப்படும் கேள்வி இது. நான் அதற்குள் விழித்திரையைப் பார்த்து முடித்திருப்பேன், அது நன்றாகவே இருக்கும். "கெடாது. பகலில் வெளியே போனால் உங்கள் கண்ணுக்குள் நுழையும் வெளிச்சம் போன் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம்" என்பேன். நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

பல வருடம் இத்தோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் பதிலில் தவறில்லை, ஆனால் கேள்வியின் பாதிக்குத்தான் அது பதில். இப்போதெல்லாம் திரும்ப உட்காரச் சொல்லி நானும் ஒன்று கேட்கிறேன்: "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்? அதுவரை வீட்டில் எந்த விளக்கு எரியும்?"

இப்படிக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பார்வையில்லாத இரண்டு பேர்.

முதலாமவர் விபத்தில் இரண்டு கண்களையும் இழந்தவர். கண்களை அகற்றிச் செயற்கைக் கண் வைத்திருந்தார். குழியைச் சுத்தம் செய்து பார்க்க வருவார். ஒருமுறை தூக்கத்தைப் பற்றிச் சொன்னார். சில வாரம் ஒழுங்காகத் தூக்கம் வருமாம். அப்புறம் சில வாரம் இரவெல்லாம் விழித்துக் கிடந்து, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுவாராம். பிறகு தானாகவே சரியாகும், மறுபடியும் கெடும். எனக்கு அப்போது அனுபவம் குறைவு. மன உளைச்சலாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதை இன்று நினைத்தாலும் மனது கஷ்டப்படுகிறது.

இரண்டாமவருக்குப் பரம்பரை நோயால் விழித்திரை படிப்படியாகத் தேய்ந்து, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாத நிலை. ஆனால் கண்கள் இருந்த இடத்தில் இருந்தன. அவர் இரவு படுத்து விடியும்போது எழுந்துவிடுவார், வருடம் முழுக்க அப்படித்தான். இரண்டு பேருக்கும் பார்வை துளியும் இல்லை. பிறகு ஏன் ஒருவருக்கு மட்டும் இரவும் பகலும் குழம்பின?

இதற்கான விடை 1995இலேயே ஒரு மருத்துவ இதழில் வந்திருந்தது, நான்தான் படித்திருக்கவில்லை. சார்ல்ஸ் செய்ஸ்லர் என்ற அமெரிக்கத் தூக்க ஆய்வாளரின் குழு, பார்வையற்ற 11 பேரின் கண்களில் இரவு நேரத்தில் பலமான வெளிச்சம் பட வைத்து, இரத்தத்தில் மெலடோனின் அளவைப் பார்த்தது. மெலடோனின் என்பது இருட்டியதும் மூளையின் பீனியல் சுரப்பி விடுகிற ஹார்மோன். இரவு வந்துவிட்டது என்று உடம்பு முழுக்க அறிவிப்பது அதன் வேலை. அந்த 11 பேரில் 3 பேருக்கு வெளிச்சம் பட்டதும் மெலடோனின் இறங்கியது. கண்ணைக் கட்டிவிட்டுச் செய்தால் இறங்கவில்லை. எதையும் பார்க்க முடியாத அந்தக் கண்கள் வெளிச்சத்தை மட்டும் எப்படியோ மூளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

நாங்கள் படித்த காலத்துப் பாடத்தில் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டே வகை: கூம்பு செல்கள், கோல் செல்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு என்று உறுதியானது 2002இல். டேவிட் பெர்சன் குழுவினர், விழித்திரையின் நரம்பு செல்களிலேயே ஒரு சிறு பங்கு தாமாகவே ஒளியை உணர்கின்றன என்று காட்டினார்கள். அவற்றுக்குள் இருக்கும் நிறமிக்கு மெலனாப்சின் என்று பெயர். இக்னாசியோ ப்ரொவென்சியோ குழுவினர் அதை முதலில் கண்டுபிடித்தது, 1998இல், தவளையின் தோலில்! இந்தச் செல்களுக்கு உருவம் தெரியாது, எழுத்துத் தெரியாது. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்று மட்டும் நிதானமாகக் கணக்கெடுக்கும். சுமார் 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அதாவது பளிச்சென்ற பகல் வானத்தின் நீலத்துக்கு, அதிகம் விழித்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கு போய்ச் சேரும் இடம், இரண்டு பார்வை நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸில் சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னக் கூட்டம். உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். அதன் இயல்பான ஓட்டம் சரியாக 24 மணி நேரம் அல்ல, சராசரியாக 24 மணி 10 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதனால் தினமும் அதைத் திருத்தி வைக்க வேண்டும், திருத்துவது வெளிச்சம். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே நகர்த்தும், இரவு வெளிச்சம் பின்னே தள்ளும். கண்களே இல்லாத அந்த மனிதருக்குத் திருத்த ஆளில்லை. அவருடைய கடிகாரம் நாளுக்குக் கொஞ்சமாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஊரின் இரவோடு அது பொருந்துகிற வாரங்களில் தூங்கினார், பொருந்தாத வாரங்களில் தவித்தார். மன உளைச்சல் அதன் விளைவு. நான் அதையே காரணம் என்று நினைத்துவிட்டேன்.

இனி கதவருகே நின்று கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். போன்மேல் விழுகிற பழியில் பெரும்பகுதி தலைக்குமேலே எரியும் விளக்குக்குப் போக வேண்டியது என்பதுதான் என் கருத்து. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, அதனால் அளவோடு சொல்கிறேன். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம். முழு நிலவொளி அரை லக்ஸ்கூட வராது. நேரடி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். மேகம் மூடிய பகலிலேயே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். வெள்ளை விளக்கு எரியும் வரவேற்பறையில் நூறு, இருநூறு லக்ஸ். அதே அறையை இருட்டாக்கிவிட்டு, வெளிச்சம் குறைத்த போனை ஒரு கை தூரத்தில் பிடித்தால் கண்ணுக்கு வந்து சேர்வது அதில் ஒரு சிறு பங்குதான்.

நூறு, இருநூறு லக்ஸ் எல்லாம் மனிதனை என்ன செய்துவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1980இல் ஆல்பிரட் லூயி என்பவர், மனிதனுக்கும் வெளிச்சத்தால் மெலடோனின் அடங்கும் என்று முதலில் நிரூபித்தபோது அதற்கு 2,500 லக்ஸ் பயன்படுத்தினார். பிறகு 2011இல் வந்த ஆய்வு அந்த நினைப்பை மாற்றியது. தூங்கப்போகும் முன் 200 லக்ஸுக்கும் குறைவான சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு, மங்கலில் இருந்தவர்களைவிட மெலடோனின் சுரக்கும் நேரம் சுமார் ஒன்றரை மணி நேரம் சுருங்கிப்போயிருந்தது. சாதாரண வீட்டு விளக்குக்கே இவ்வளவு.

போனும் டேப்லெட்டும் முழுக்க நிரபராதி என்று நான் சொல்லவில்லை. படுக்கும் முன் நான்கு மணி நேரம், முழு வெளிச்சத்தில் மின் புத்தகம் படித்தவர்களுக்கும் அச்சுப் புத்தகம் படித்தவர்களுக்கும் ஓர் ஒப்பீடு நடந்தது. மின் புத்தகம் படித்தவர்கள் தூங்க எடுத்துக்கொண்டது சராசரியாக 10 நிமிடம் கூடுதல். விளைவு உண்டு, ஆனால் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. போனில் வெளிச்சத்தைவிட அதில் ஓடுகிற விஷயம்தான் அதிகம் விழிக்க வைக்கிறது. இன்னும் ஒரே ஒரு வீடியோ என்று ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இதைக் கண்ணாடி போட்டுச் சரிசெய்ய முடியாது.

கண்ணாடி என்றதும் சொல்லியாக வேண்டும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கணினி வேலையால் வரும் கண் சோர்வை அந்தக் கண்ணாடிகள் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. தூக்கத்தைப் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. நான் எழுதிக்கொடுப்பதில்லை. அந்தச் செலவுக்குப் படுக்கையறை விளக்கை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பயமுறுத்துகிற செய்தி எல்லாமே உண்மையும் இல்லை. 1999இல், இரண்டு வயதுக்குள் விளக்கெரிய வைத்துத் தூங்கிய குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை அதிகம் என்று ஓர் ஆய்வு வந்து பெற்றோர்கள் பதறினார்கள். அடுத்த வருடமே வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. கிட்டப்பார்வை உள்ள பெற்றோர்தான் இரவு விளக்கு போட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தார்கள், பிள்ளைக்கும் அது அவர்களிடமிருந்து வந்திருக்கலாம். இரவு வெளிச்சத்தால் கண்ணாடி போட வேண்டி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் கவலைப்பட வேண்டியது வேறு. சின்ன வயதில் கண்ணின் லென்ஸ் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், வெளிச்சம் நுழையும் கண்பாப்பாவும் பெரிதாக விரியும். வயது ஏற ஏற லென்ஸ் மஞ்சளடித்து நீலத்தைத் தடுக்கும். அதனால் ஒரே அறையில், ஒரே விளக்கின் கீழ் தாத்தாவும் பேரனும் உட்கார்ந்திருந்தால் இருவருக்கும் போய்ச் சேர்வது ஒரே வெளிச்சம் அல்ல. மாலை வெளிச்சத்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு மெலடோனின் அடங்குவது பெரியவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று ஜப்பானில் அளந்திருக்கிறார்கள். ஒன்பதரை மணிக்கும் தூங்காத பிள்ளையைத் திட்டுவதற்கு முன் மேலே எரிகிற விளக்கைப் பாருங்கள்.

இதன் மறுபக்கமும் என் அறையில்தான் தெரிகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு சிலர், பார்வை தெளிந்ததைச் சொல்லிவிட்டு, "அப்புறம், இப்பல்லாம் நல்லா தூக்கம் வருது டாக்டர்" என்பார்கள். முன்பு இதை நிம்மதியால் வந்தது என்று எடுத்துக்கொள்வேன். பழுப்பேறிய லென்ஸ் போய், பகல் வெளிச்சம் மறுபடி உள்ளே வருவதற்கும் அதில் பங்கு இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். இரவு இருட்டாக இருந்தால் போதாது, பகல் பகலாக இருக்க வேண்டும். நாள் முழுக்க ஜன்னலை மூடி 300 லக்ஸில் வேலை பார்த்துவிட்டு, இரவு பதினொன்று வரை 200 லக்ஸில் உட்கார்ந்தால் உடம்புக்கு எது பகல், எது இரவு? பகலில் நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்களை மாலை வெளிச்சம் அவ்வளவாக அசைப்பதில்லை. காலையில் அரை மணி நேரம் வெளியே போங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

ஆளுக்கு ஆள் வித்தியாசமும் பெரியது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், மெலடோனினைப் பாதி அடக்கத் தேவையான வெளிச்சம் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் 50 மடங்குக்கு மேல் வேறுபட்டது. கணவர் விளக்கு எரிய நிம்மதியாகக் குறட்டை விடுவார், மனைவிக்குக் கதவிடுக்கில் வரும் வெளிச்சமே போதும் தூக்கத்தைக் கெடுக்க. "உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்காதீர்கள். அவருடைய கண் அப்படி.

சரி, விளக்கு எரிய நன்றாகத் தூங்குகிறவருக்கு ஒன்றும் இல்லையா? 2022இல் அமெரிக்காவில் 20 இளைஞர்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது. ஒரே ஓர் இரவு 100 லக்ஸ் வெளிச்சத்தில் தூங்கியவர்களுக்கு அன்றிரவு இதயத் துடிப்பு கூடியிருந்தது, மறுநாள் காலை இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. இருபது பேரை வைத்துப் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிற எனக்கு அதை ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை. இரவு ஷிப்டில் வேலை செய்பவர்களின் நிலை இன்னும் கடினம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும், மறுபடி 2019இலும், அத்தகைய வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. அவர்களிடம் "வேலையை விடுங்கள்" என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பகலில் தூங்கும் அறையின் ஜன்னலைக் கனமான திரையால் மூடுங்கள், ஷிப்ட் நேரங்களை அடிக்கடி மாற்ற வேண்டாம் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள், அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

வீட்டில் செய்யக்கூடியது சுலபம். வல்லுநர் குழு ஒன்று 2022இல் கொடுத்த பரிந்துரை, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பிலிருந்தே வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிட வேண்டும், தூங்கும் இடத்தில் முடிந்தவரை இருட்டு வேண்டும் என்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கூரை விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் தாழ்வாக ஒரு மஞ்சள் விளக்கைப் போடுங்கள். பல்பு அட்டையில் 2700 கெல்வின் என்று இருந்தால் சரி, 6500 என்றிருந்தால் அது பகலுக்கு. குளியலறையை மறந்துவிடாதீர்கள். வீடெல்லாம் மங்கலாக்கிவிட்டு, பல் தேய்க்கக் கண்ணாடி முன் பளீரென்ற விளக்கின் கீழ் நிற்பவர்களைப் பார்க்கிறேன்.

முழு இருட்டு எல்லாருக்கும் நல்லதல்ல, இதையும் அழுத்தமாகச் சொல்கிறேன். என்னிடம் வரும் ஒரு பாட்டிக்குக் கண் அழுத்த நோய், பக்கவாட்டுப் பார்வை குறைவு. இரவு கழிப்பறைக்குப் போகும்போது ஒருமுறை தடுமாறி விழுந்ததிலிருந்து அறை விளக்கை அணைக்கவே மாட்டார். தூக்கமில்லை என்று மாத்திரை கேட்டார். விளக்கை அணையுங்கள் என்று சொல்லியிருந்தால் அடுத்து இடுப்பெலும்பு முறிந்துதான் வந்திருப்பார். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை, முழங்காலுக்குக் கீழே, ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரிகிற சின்ன ஆரஞ்சு விளக்குகள் இரண்டு வைக்கச் சொன்னேன். தரை தெரிய வேண்டும், கண்ணுக்கு நேரே எதுவும் எரியக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து மகளோடு வந்தார். அறை விளக்கை இப்போது அணைத்துவிடுகிறாராம். மாத்திரையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போது கதவருகே நின்று, தண்ணீர் குடிக்கப் போகும் வழியிலும் அந்த மாதிரி ஒரு விளக்கு வைக்கலாமா என்று கேட்டார். வைக்கச் சொன்னேன்.