செதாக்கா: ஈகையா, அறமா?

ஏழைக்குக் கொடுப்பதை யூதர்கள் ‘செதாக்கா’ என்பார்கள். இந்த எபிரேயச் சொல்லைத் தமிழில் எழுதும்போது ‘ஈகை’ என்றோ ‘தர்மம்’ என்றோ போட்டுவிடுகிறோம். ஆனால் இது இரக்கத்திலிருந்து பிறந்த சொல் இல்லை. ‘செதெக்’ என்றால் நீதி. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்குத் தெரிந்த மெல்கிசேதேக்கு என்ற பெயருக்குள்ளும் அதுதான் இருக்கிறது: நீதியின் ராஜா. தமிழ் முஸ்லிம்கள் தானத்துக்குச் சொல்லும் ‘சதகா’வும் இந்த வேரின் அரபுக் கிளைதான்.

வேதாகமத்தின் உபாகமம் என்ற நூலில், 24-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி. கடனுக்கு ஈடாக ஓர் ஏழையின் மேலாடையை வாங்கி வைத்திருக்கிறாய். பொழுது சாயும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிடு, அவன் போர்த்திக்கொண்டு படுக்கட்டும். அதுதான் உனக்குச் செதாக்கா. யோசித்துப் பாருங்கள், அவன் துணி அவனிடமே போகிறது. இதில் வள்ளல் யார்?

வயலிலும் இதே கணக்குதான். ஓரத்துக் கதிரை அறுக்கக் கூடாது, சிந்தியதைப் பொறுக்கக் கூடாது, மறந்துவிட்டு வந்த கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அதெல்லாம் ஏழைக்கும் அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது. வேதாகமக் கதையில் மோவாப் நாட்டிலிருந்து வந்த ஏழை விதவை ரூத், பெத்லகேமில் போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது இந்த உரிமையில்தான். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, ஓரத்தில் விடுவது 60-இல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று அளவே வைத்துவிட்டது.

12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் செதாக்காவை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கடனோ வேலையோ கொடுத்து, தொழிலில் கூட்டுச் சேர்த்து, ஒருவர் இனிக் கையேந்தாதபடி நிமிர்த்தி நிறுத்துவது முதல் படி. அப்புறம், செதாக்கா வாங்கிப் பிழைப்பவரும் தம்மால் ஆனதைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஏழையை இவ்வளவு மதித்த விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்கும் சொல் ‘ஈ’ என்கிறது தொல்காப்பியம். ஆக, ஈகை என்றதுமே ஒருவர் மேலே போய்விடுகிறார். தர்மத்துக்குள் நியாயமும் உண்டுதான், ஆனால் இன்று காதில் விழுவது ‘ஐயா தர்மம் பண்ணுங்க’ என்ற குரல். ‘நீதி’ என்றால் நீதிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது.

அறம் என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. கொடைக்கு அறக்கட்டளை வைத்த நாம்தான், வழக்குத் தீர்த்த சபையை அறங்கூறவையம் என்றோம். செதாக்காவை அறம் என்றே எழுதலாம்; ஏழைக்குக் கொடுக்கும் பொருளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் அறக்கொடை.