கூட்டுப்பெட்டியில் குஞ்சுகள் இறந்து கிடந்தால்

மே மாதத்தின் பிற்பகுதியில் எனக்கு வரும் படங்களில் பாதி ஒன்றுபோலவே இருக்கும். குருவிகள் கூடு கட்டுவதற்காகத் தோட்டத்தில் மாட்டிய கூட்டுப்பெட்டியின் மூடியைத் திறந்து மேலிருந்து எடுத்த படம். பாசி மெத்தையின் நடுவே ஐந்தாறு குஞ்சுகள் கழுத்து சாய்ந்து அசையாமல் கிடக்கும். கூடவே ஒரு கேள்வி: "நாங்கள் என்ன தவறு செய்தோம்?"

நெதர்லாந்தின் ஓக் காடுகளில் கூட்டுப்பெட்டிகளைக் கண்காணிப்பது என் தொழில். ஐரோப்பாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இப்போது இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதால் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் குடியிருப்பது கிரேட் டிட். கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மஞ்சள் வயிற்றின் நடுவே கறுப்புக் கோடு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் பட்டாணிக்குருவியின் நெருங்கிய உறவு. அதனால் இதையும் பட்டாணிக்குருவி என்றே அழைக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெட்டியைத் திறந்தேன். உள்ளேயிருந்து பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். கை தானாகப் பின்வாங்கியது. எட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 18 கிராம் எடையுள்ள ஒரு தாய்க்குருவி. இறக்கையை விரித்து, அலகைத் திறந்து, பெட்டிச் சுவரில் படீரென்று அடித்து மறுபடி சீறியது. முட்டைகளின் மேலிருந்து இம்மியும் நகரவில்லை. பெட்டியைத் திறக்குமுன் இன்றும் நான் ஒரு நொடி தயங்குகிறேன்.

இந்தக் குருவியின் குடும்ப வாழ்க்கை நமக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்குக் காரணம் பொறுமையாகக் குறிப்பேடு எழுதிய மனிதர்கள். நெதர்லாந்தில் 1912இலேயே வோல்டா என்பவர் இதைத் தொடங்கினார். பின்னர் க்ளுய்வர் தொடர்ந்தார். அவருடைய பணியைக் கண்டு ஊக்கம் பெற்ற பறவையியலாளர் டேவிட் லாக் 1947இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள வைட்டம் காட்டில் பெட்டிகளை மாட்டினார். அங்கே இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள். இங்கே ஹோகே வேலுவே காட்டில் 1955 முதல் பதிவுகள் இருக்கின்றன. முதல் முட்டை எந்த நாள், மொத்தம் எத்தனை, எப்போது பொரித்தன, பதினைந்தாம் நாளில் எடை என்ன என்று பெட்டிபெட்டியாகக் குறித்த ஏடுகள் அவை.

அந்த ஏடுகள் காட்டிய உண்மை இதுதான். ஓக் மரம் துளிர்விடும்போது குளிர்கால அந்துப்பூச்சியின் முட்டைகள் பொரித்துப் புழுக்கள் இளந்தளிரைத் தின்கின்றன. சில வாரங்களில் இலை தடித்துவிடும். கொழுத்த புழுக்கள் நூலில் இறங்கி மண்ணுக்குள் போய்விடும். அந்தக் குறுகிய காலத்தில்தான் குஞ்சுகளின் பசி உச்சத்தில் இருக்க வேண்டும். தாய் நாளுக்கொரு முட்டையாக எட்டு ஒன்பது இடுகிறது. அடைகாக்க இரண்டு வாரம். குஞ்சுகள் பெரும்பசி எடுக்க மேலும் பத்து நாள். ஆக, புழு உச்சத்தை எட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே, மரம் மொட்டையாக நிற்கும்போதே, முதல் முட்டையின் நாளைத் தாய் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பருவம் சூடாகிவிட்டதால் இந்தக் கணக்கு பிசகுகிறது. மார்செல் விசரும் சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இங்கே புழுக்கள் முந்திக்கொண்டும் குருவிகள் முட்டையிடும் நாள் நகரவில்லை என்று தெரிந்தது. வைட்டம் காட்டுக் குருவிகளோ 1960களிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாக முட்டையிடப் பழகிவிட்டன. ஒரே இனம், இரு காடுகள், இரு விதி. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துத் திரும்பும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானின் நிலை இன்னும் மோசம்: இங்கே வசந்தம் முந்திவிட்டது என்பதை அங்கிருந்து அது அறிய வழியில்லை. புழுக்கள் மிக முன்னதாகத் தோன்றி மறையும் டச்சுக் காடுகளில் அதன் எண்ணிக்கை இருபது ஆண்டுகளில் 90 சதவீதம் சரிந்ததை 2006இல் கிறிஸ்டியான் போத் குழு காட்டியது.

எனவே, படம் அனுப்பியவருக்கு என் முதல் பதில்: பெரும்பாலும் தவறு உங்களுடையதாக இருக்காது. இரண்டு நாள் குளிர்மழை பெய்தால் புழு கிடைக்காது. பெற்றோரில் ஒன்று பூனைக்கு இரையானால் மற்றொன்றால் ஒன்பது வாய்க்கு ஊட்ட முடியாது. இருவரும் சேர்ந்தே நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை பறந்து வருகிறார்கள்.

ஆனால் நம் கையில் இருப்பவையும் உண்டு. தோட்டத்து வேலிச்செடியைப் புழு தின்கிறதே என்று மருந்து அடிக்காதீர்கள். அந்தப் புழுதான் குஞ்சின் வாய்க்குப் போகிறது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இந்தக் குருவிகள் பாசியின் மேல் விலங்கு ரோமத்தைப் பரப்பி மெத்தை செய்கின்றன. நாயைச் சீவிய ரோமத்தைப் பறவைகளுக்காகவே கிளையில் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. அந்த நாய்க்குத் தெள்ளுப்பூச்சி மருந்து போட்டிருந்தால், கூட்டுக்குள் நஞ்சு போகிறது. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 103 கூடுகளைச் சோதித்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றிலும் தெள்ளுப்பூச்சி மருந்துகளில் சேர்க்கும் பூச்சிக்கொல்லியான ஃபிப்ரோனில் இருந்தது. பூச்சிக்கொல்லி கூடுதலாக இருந்த கூடுகளில் பொரிக்காத முட்டைகளும் இறந்த குஞ்சுகளும் கூடுதல். அன்பாகச் செய்த காரியம் இப்படி முடிவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சீவிய ரோமத்தைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

பெட்டியைத் திறந்து பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். நாங்கள் உரிமம் பெற்று, குஞ்சுகளுக்கு அடையாளக் கால்வளையம் மாட்டப் பதினைந்தாம் நாள் திறக்கிறோம். அதற்குப் பிறகு நாங்களும் தொடுவதில்லை. அந்த வயதில் மிரண்டால், பறக்கத் தெரியாத குஞ்சுகள் வெளியே குதித்துவிடும். ஆசைப்பட்டால் தள்ளி நின்று பாருங்கள்: தாயோ தந்தையோ புழுவுடன் நுழைந்து, குஞ்சின் எச்சத்தை வெள்ளைப் பொட்டலமாகக் கவ்விக்கொண்டு வெளியேறும். அது தொடரும்வரை உள்ளே உயிர் இருக்கிறது. ஒரு முழுநாள் யாரும் வரவில்லை என்றால் மட்டும் திறந்து பாருங்கள்.

ஜூன் தொடக்கத்தில் தரையில் வால் முழுதாக வளராத ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குத் தூக்கிச் செல்லாதீர்கள். பெற்றோர் அருகிலேயே இருக்கிறார்கள். பூனையை உள்ளே அடைத்துவிட்டு, குஞ்சைப் பக்கத்துப் புதரில் வைத்தால் போதும்.

இலையுதிர் காலத்தில் பழைய கூட்டைச் சுரண்டி எடுத்து, கொதிநீர் ஊற்றிக் கழுவிக் காயவிடுங்கள். ரசாயனம் வேண்டாம். பெட்டியைக் கழற்றி உள்ளே வைத்துவிடாதீர்கள். ஜனவரி இரவுகளில் நாங்கள் கைவிளக்குடன் பெட்டிகளைப் பார்க்கப் போகும்போது, வெளியே பனி உறைந்து கிடக்க, உள்ளே ஒரு மஞ்சள் பந்து அலகை முதுகு இறகுகளுக்குள் புதைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்.