பழைய நண்பர் ஏன் போன் செய்வதில்லை?

முதியோர் மருத்துவம் பார்க்கும் நான், வருபவர்களிடம் மாத்திரைகளோடு சேர்த்து நண்பர்களைப் பற்றியும் விசாரிப்பேன். "எங்க டாக்டர், போன் போட்டாலும் ரெண்டு தடவை 'உம்' கொட்டிட்டு வச்சுடறான்" என்று மனத்தாங்கலோடு சொல்பவர்கள் நிறைய. நாற்பது, ஐம்பது வருடப் பழக்கம் இப்படி அறுந்துபோவது எனக்குத் தாங்கவில்லை. ஏனென்றால், பல நேரம் மாறியது மனசு இல்லை, உடம்பு.

காதையே எடுத்துக்கொள்ளுங்கள். வயதாக ஆக, கீச்சு ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். பேசுவது காதில் விழும், ஆனால் சொல் பிடிபடாது. பழைய வகை போன் இணைப்போ 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலான கீச்சு ஒலியைப் பெரும்பாலும் அனுப்புவதே இல்லை. எத்தனை தடவைதான் "என்ன, என்ன" என்று கேட்பார்? கத்திப் பேசினால் பலனில்லை. நிதானமாகப் பேசுங்கள். முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து வீடியோ காலில் பேசினால் உதட்டசைவு பாதி வேலையைச் செய்துவிடும். காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே வேண்டாம். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் பட்டியலிட்ட, மறதிநோய்க்கு வழிவகுக்கும் 14 காரணிகளில் காது மந்தமும் உண்டு, தனிமையும் உண்டு. முதலாவது இரண்டாவதற்குக் கொண்டுபோய் விடுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வாரம் தவறாமல் பஸ் ஏறி நண்பர் வீட்டுக்குப் போனவர், திடீரென்று நிறுத்திவிட்டார். மகளுக்கும் காரணம் தெரியவில்லை. மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். நண்பர் வீட்டு வாசலிலேயே ஒரு நாள் வேட்டி நனைந்துவிட்டதாம், மருமகள் பார்த்துவிட்டாளாம். கால் வீக்கத்துக்காக அவர் தினமும் காலையில் போட்டது பியூரோசெமைடு. வாய்வழி போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீரைத் தள்ள ஆரம்பித்து, ஆறு மணி நேரம் வரை வேலை செய்யும் மாத்திரை. வெளியே போகும் நாட்களில் மட்டும் திரும்பி வந்து போட்டுக்கொள்ளச் சொன்னேன், புராஸ்டேட்டையும் பரிசோதித்தோம். மறுபடியும் போக ஆரம்பித்தார். (நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.)

கண்புரை, விழுந்துவிடுவோம் என்ற பயம் எல்லாம் இதே மாதிரிதான். யாரையும் பார்க்கவே பிடிக்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் ஒதுங்கியே இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது, மருந்து இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நண்பர் இறந்த செய்தியை அப்பா அம்மாவிடம் மறைக்காதீர்கள். தோழி இறந்தது தெரியாமல், "ஒரு போன்கூடப் பண்ணலை பாரு" என்று மாதக்கணக்கில் கோபித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்திருக்கிறேன். ராத்திரியில் வேண்டாம், பகலில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். உடம்பு இடம் கொடுத்தால் துக்கம் விசாரிக்க அழைத்துப் போங்கள்.