எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்வது?

கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிக்க, அமெரிக்க நீதிமன்றங்கள் சிலவற்றில் காம்பஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. மொத்தம் 137 கேள்விகள். பெற்றோரில் யாராவது ஜெயிலுக்குப் போனதுண்டா என்பதுகூட ஒன்று. இனம் என்ன என்று மட்டும் கேட்பதில்லை. முடிவில் 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் வரும், அது ஏற ஏற ஆபத்து அதிகம் என்று பொருள்.

2016இல் ப்ரோபப்ளிகா செய்தி நிறுவனம், ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டத்தில் 7,000 பேருக்கு மேல் இந்த மதிப்பெண்ணை ஆராய்ந்தது. இரண்டு ஆண்டுகளில் மறுபடி கைதாகாத கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம் பேருக்கு ‘ஆபத்தானவர்’ முத்திரை விழுந்திருந்தது. வெள்ளையரில் 23.5 சதவீதம்தான். மென்பொருளைத் தயாரித்த நார்த்பாயிண்ட் மறுத்தது. முத்திரை விழுந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் மறுபடி சிக்கினார்கள் என்று பாருங்கள், இரு இனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றது.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. எப்படி என்று போட்டுப் பார்ப்போம். ‘அ’ பிரிவில் 100 பேர், அதில் 60 பேர் மறுபடி சிக்குபவர்கள். ‘ஆ’ பிரிவில் 100க்கு 30. மென்பொருள் ‘அ’வில் 50 பேருக்கு முத்திரை குத்துகிறது, 40 சரி, 10 தப்பு. ‘ஆ’வில் 25 பேருக்கு, 20 சரி, 5 தப்பு. இரண்டிலும் முத்திரை 80 சதவீதம் பலிக்கிறது. சிக்குபவர்களில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்ததும் இரண்டிலும் ஒன்றே. சரி, பாவம் செய்யாதவர்கள் கதி? ‘அ’வில் 40 பேரில் 10 பேர் மாட்டினார்கள், 25 சதவீதம். ‘ஆ’வில் 70 பேரில் 5, வெறும் 7 சதவீதம்.

மென்பொருளை மெருகேற்றினால் இது தீராது. இரு பிரிவின் அடிப்படை விகிதம், அதாவது மறுபடி சிக்குபவர்களின் விகிதம், வேறுபட்டு, கணிப்பிலும் பிழை இருக்கும்வரை எல்லா நியாயமும் ஒருசேரக் கிடைக்காது என்று ஆய்வாளர் ஷூல்டெகோவாவும், தனியாக க்ளைன்பெர்க், முல்லைநாதன், ராகவன் மூவரும் நிரூபித்தார்கள்.

ஆக, எதை விடுவது என்பது தத்துவக் கேள்வி. மொத்த நன்மையை எடைபோடும் தத்துவஞானி பெந்தாம் வழியில் போனால், முத்திரை எல்லோருக்கும் ஒரே அளவு பலிப்பது போதும் என்று வாதாடலாம். மனிதரை வெறும் கருவியாக்காதே என்ற தத்துவஞானி காண்ட்டின் வழியில் போனால், அந்த 10 பேரைச் செலவுக் கணக்கில் எழுத முடியாது. நான் காண்ட் பக்கம். அந்த 60, 30 என்ற எண்களே குற்றத்தின் அளவு இல்லை, கைதின் அளவு. போலீஸ் அதிகம் சுற்றும் தெருவில் கைதும் அதிகமாகத்தான் இருக்கும்.

அதே 2016இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தில் லூமிஸ் என்பவர், தன் தண்டனையில் இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தியதை எதிர்த்தார். சூத்திரம் வணிக ரகசியம் என்று அவருக்குக் காட்டப்படவில்லை. சில எச்சரிக்கைகளோடு அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது.