கட்டி தட்டுன அப்புறம் ஸ்பீடு ஏத்தி பிரயோஜனம் இல்லைங்க

கேப்பை மாவை கொதிக்கிற தண்ணில அப்படியே கொட்டுனா என்ன ஆகும்னு கூழ் காய்ச்சுற யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க, ஆனா பெயின்ட் பிளான்ட்ல அதே வேலைய மூட்டை மூட்டையா செஞ்சிட்டு "இன்னும் ஒரு மணி நேரம் ஓடட்டும் சார், கரைஞ்சிரும்"னு நிப்பாங்க. கரையாதுங்க.

நான் ஷிஃப்ட் பாக்க ஆரம்பிச்ச புதுசு, நைட் ஷிஃப்ட், எமல்ஷன் பேட்ச் ஓடுது. பெயின்ட கெட்டியாக்குற திக்கனர் பவுடர், ஹெச்ஈசினு சொல்ற செல்லுலோஸ் வகை, அத ஆப்பரேட்டர் தம்பி ஒரே மூச்சுல கவுத்துட்டாப்ல. எனக்கும் விவரம் பத்தல, மிக்ஸர் ஸ்பீடை ஏத்தி மூணு மணி நேரம் ஓட்டுனேன். டேங்க் தொட்டா சுடுது, கட்டி மட்டும் அப்படியே இருக்கு. விடிஞ்சதும் ஃபில்டர் பேக்ல இருந்து ஒன்னை எடுத்து நகத்தால கிள்ளிப் பாத்தேன், வெளிய வெந்த ஜவ்வரிசி மாதிரி வழவழன்னு, உள்ள காஞ்ச மாவு! மேல்தோல் தண்ணிய குடிச்சு ஜெல்லாயிட்டா உள்ளுக்கு தண்ணி போக வழி அடைச்சிடுது, அப்புறம் பிளேடு அடிச்சாலும் அது வழுக்கிட்டுதான் ஓடும்.

அதனால பவுடர சுழி மேல கொஞ்சம் கொஞ்சமா தூவணும். லேட்டா ஊறுற மாதிரி ட்ரீட் பண்ண கிரேடுன்னா, பவுடர் முழுசா பிரிஞ்ச பிறகுதான் அமோனியா ஊத்தணும், பிஹெச் ஏறுனதும் அது வேகமா ஊற ஆரம்பிச்சிடும்.

வெள்ளை நிறம் தர்ற பிக்மென்ட், அதான் டைட்டானியம் டை ஆக்ஸைடு, அது கதை வேற. துகள் ஒட்டிக்காம பிரிச்சு வைக்கிற டிஸ்பெர்சிங் ஏஜென்ட் முதல்ல தண்ணில போகணும், அப்புறம் கம்மி ஸ்பீடுல பிக்மென்ட், எல்லாம் நனைஞ்ச பிறகு ஸ்பீடு. இங்க நிறைய பேரு கெட்டியா இருக்கேன்னு பயந்து தண்ணிய ஊத்திடுறாங்க, கெட்டியா இருந்தாதான் துகளுக்கு துகள் உரசி உடையும், தண்ணியா இருந்தா சும்மா சுத்தும், காத்தையும் இழுக்கும். மேல இருந்து பாத்தா மெதுவடை மாதிரி உருண்டு நடுக்குழில பிளேடு லேசா தெரிஞ்சா சரியா ஓடுதுன்னு அர்த்தம். 900 மில்லிமீட்டர் டேங்குக்கு 300 மில்லிமீட்டர் பிளேடு, 1400 ஆர்பிஎம்ல நுனி வேகம் செகண்டுக்கு 22 மீட்டர் வரும், அது போதும். பல்லு தேஞ்ச பிளேடுல எவ்ளோ ஓட்டுனாலும் துகள் எவ்ளோ நைசுன்னு பாக்குற ஹெக்மேன் கேஜ்ல (நம்பர் ஏற ஏற நைசு) 4-ஐ தாண்டுறதே கஷ்டம், அதாவது 50 மைக்ரான்லயே நின்னுடும். பெயின்டை ஒட்ட வைக்கிற பைண்டர் போடும்போது ஸ்பீடை குறைச்சிடுங்க, இல்லன்னா நுரைதான்.

தண்ணிக்கு பதிலா தீப்பிடிக்கிற கரைப்பான் போடுற சால்வென்ட் பெயின்ட்னா இன்னொன்னு. பிளாஸ்டிக் பையை டேங்க் வாய்ல வச்சு உதறுனாலே ஸ்டாட்டிக் ஏறும், ஒரு பொறி வந்தா ஆவி பத்திக்கும், அதனால டேங்கை பூமியோட இணைக்கிற எர்த் கிளாம்ப் மாட்டாம மூட்டைய பிரிக்கவே விடாதீங்க, ஆனா பிளாஸ்டிக் பையில ஏறுன சார்ஜை அந்த கிளாம்ப் இறக்காது. ஒரு இடத்துல கிளாம்ப் மாட்டித்தான் இருந்துச்சு, பக்கத்துல போய் பாத்தா காஞ்சு ஒட்டுன பழைய பெயின்ட் மேல கவ்விட்டு இருக்கு, அடியில இருக்குற இரும்பை தொடவே இல்ல.